எத்தனை கடையில பாத்தீங்க?

அவர் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் எப்படியும் இது அவர் கைக்குப் போய்ச் சேரும். சிவப்பு மையில் நாலு இடத்தில் சுழித்துத் திருப்பி அனுப்பிவிடுவார். பெரம்பலூரில் அவரை எல்லோரும் டீச்சர் என்றுதான் சொன்னோம். என் கடைக்கு அவர் முதலில் வந்தபோது எந்தப் பள்ளிக்கூடத்திலும் டீச்சராக இல்லை என்பது வேறு விஷயம்.

என் கடை பாலக்கரைப் பக்கம். ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கிற கடை. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம், கட்சிக்காரர் பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி என்று எங்கள் பக்கத்து மனிதர்கள் எங்கள் மிஷினுக்குள் நாலைந்து முறையாவது போய் வராமல் பூமியை விட்டுப் போக மாட்டார்கள். அப்போது கடை வாசலில் ஆங்கிலத்தில் ஒரு போர்டு வைத்திருந்தேன். ‘பெஸ்ட் ஃப்ளெக்ஸ் பிரிண்டிங் இன் பெரம்பலூர்’. டிசைன் என்னுடையது. ‘பெஸ்ட்’டுக்குப் பின்னால் ஒரு சூரியன் உதித்துக்கொண்டிருக்கும்.

எதிரே பஸ் நிறுத்தம். வாலிகண்டபுரம் பஸ்ஸுக்கு நிற்கிற ஒரு அம்மாள் மூன்று நாளாக அந்த போர்டையே முறைத்துக்கொண்டிருந்தார். சூரியனில் மயங்கிவிட்டார் என்று நினைத்தேன். நான்காம் நாள் சாலையைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார். என்னைவிட இரண்டு வயது மூத்தவராக இருக்கலாம். தோளில் பெரிய பை. கையில் மடக்குக் குடை.

“போர்டுல ‘தி’ விட்டுப்போச்சுங்க,” என்றார்.

“எது விட்டுப்போச்சு?”

“பெஸ்ட்டுன்னா முன்னாடி ‘தி’ வரணும். இருக்கிறதுலயே ஒசத்தின்னா அது ஒண்ணே ஒண்ணுதான? அந்த ஒண்ணு இதுதான்னு கை காட்டுறதுக்குத்தான் ‘தி’.”

“அவ்வளவுதான? சேத்துட்டாப் போச்சு.”

“சேத்துரலாம். ஊர்ல ஃப்ளெக்ஸ் கடை எத்தனை இருக்கு?”

“ஏழு.”

“ஏழு கடையிலயும் பாத்தீங்களா?”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. கழிவுக் குப்பையிலிருந்து ஒரு துண்டு ஃப்ளெக்ஸை அவரே குனிந்து எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். யாரோ பொழுதுபோகாதவர் என்று அதை மறந்தும்விட்டேன். மூன்று வாரம் கழித்து அதே பை, அதே குடை. மேஜைமேல் ஏழு துண்டுகளைப் பரப்பினார். ஏழு கடையின் குப்பையும் அங்கே கிடந்தது.

“மொட்ட மாடிக் கொடியில கிளிப்பு போட்டு மூணு வாரம் வெயில்ல காயப்போட்டேன். நடுவுல ரெண்டு தடவ சோப்புத் தண்ணியில அலசுனேன். உங்க கடை மூணாவது.”

கோபம் வந்தது உண்மை. ஆனால் என் துண்டைப் பார்த்தேன். பச்சை நிறம் வெளிறி, பழைய பாசி மாதிரி ஆகியிருந்தது. முதலாவதாக வந்த துறையூர் ரோட்டுக் கடைக்காரன் துண்டில் பச்சை பச்சையாகவே இருந்தது. இவ்வளவு வேலை செய்கிற ஆளை வாடிக்கையாளராக வைத்துக்கொள்வதைவிடக் கடைக்குள் வைத்துக்கொள்வது நல்லது என்று தோன்றியது. எழுத்துப் பிழை பார்க்க ஆள் வேண்டும் என்றேன். மறுநாளே வந்துவிட்டார். அவர் செய்த முதல் வேலை, சூரியன் போர்டைக் கழற்ற வைத்தது.

“எப்ப ஏழுல முதலா வாரீங்களோ, அப்ப ‘தி’யோட போட்டுக்கலாம். வருஷா வருஷம் சித்திரை வெயில்ல நான் பாத்துச் சொல்றேன்.”

வாசலில் நாலு ஆணியும் காலிச் சுவருமாக இருந்தது. அந்த ஆணிகளில் டீச்சர் வாயால் ‘தி’ வாங்கி ஒரு போர்டு மாட்ட வேண்டும் என்று அன்றைக்கு ஆசை பிடித்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அதைவிடப் பெரிய ஆசை எதுவும் அந்த வருஷங்களில் இல்லை.

எங்கள் தொழிலில் எல்லோருக்கும் எல்லாம் உச்சம்தான். ஊருக்கு நாலு ‘தி பெஸ்ட் ஃப்ரண்ட்’, தெருவுக்கு ரெண்டு ‘தி கிரேட்டஸ்ட் லீடர்’. டீச்சர் வந்ததும் இதற்கெல்லாம் ஒரு நோட்டுப் போட்டார். இந்த ஊரில் எதற்கு ‘தி’ கொடுத்தோம், எத்தனையோடு ஒப்பிட்டோம், யார் பார்த்தது என்று அதில் கட்டம் கட்டியிருக்கும். ஒரு வகைக்கு ஒரு ‘தி’தான். ரெண்டாவதாக ஒருவர் வந்து கேட்டால் முதல் ஆளைவிட நீங்கள் ஒசத்தி என்று டீச்சருக்குத் தெரிய வேண்டும். தெரிந்துகொள்ள அவர் கிளம்பிவிடுவார்.

துணிக்கடைக்காரர் ஒருவர் ‘தி பிக்கெஸ்ட்’ கேட்டார். டீச்சர் சேலை எடுக்கிற மாதிரி போய், கடைக்குள் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு அடிமேல் அடி வைத்து நடந்தார். விற்பனைப் பெண் பின்னாலேயே போய், “என்னக்கா தேடுறீங்க?” என்று கேட்க, “பேசாதம்மா, எண்ணிக்கை போயிரும்,” என்றிருக்கிறார். போட்டிக் கடையிலும் அதே நடை. கடைசியில் இருவருக்கும் இரண்டு அடி வித்தியாசம் வந்தது. இரண்டு அடிக்கு ‘பிக்கெஸ்ட்’ போடலாமா என்று ஒரு வாரம் யோசித்தார்.

ஆண்டிமடத்திலிருந்து முந்திரி வியாபாரி ஒருவர் அரைச் சாக்கு முந்திரியோடு வந்தார். டீச்சர் ஒரே ஒரு பருப்பை எடுத்து மென்றார். “நல்லாருக்குங்க,” என்றார். ‘தி’ விழப்போகிறது என்று வியாபாரி வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். “உங்க ஊர்ல இன்னும் எத்தனை பேரு பருப்பு ஒடைக்கிறாங்க?” என்று டீச்சர் கேட்டதும் சாக்கைத் தூக்கிக்கொண்டு அவர் போய்விட்டார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. நான் ஒரு கைப்பிடியாவது எடுத்திருக்கலாம்.

ரஞ்சன்குடியிலிருந்து நாலு தாய்மாமன்கள் வந்த கதையை இன்றும் எங்கள் கடையில் சொல்லிச் சிரிப்போம். தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. நாலு பேர் படமும் போட்டு, மேலே ‘தி பெஸ்ட் மாமா’ என்று வர வேண்டும்.

“நாலு பேருக்கு ஒரு ‘தி’ எப்படிங்க பத்தும்?” என்றார் டீச்சர்.

அவ்வளவுதான். மூத்தவர் தன் பெயருக்கு நேரே போடு என்றார். இரண்டாமவர், பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடந்தது யார் என்று கேட்டார். மூன்றாமவர் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டார். கடைசியில் தங்கச்சிக்குப் போன் போட்டார்கள். ஸ்பீக்கரில் அந்தம்மா குரல் கடையே கேட்டது.

“என்னைய ஏன்டா இழுக்குறீங்க? பாப்பாவையே கேட்டுக்குங்க. பாப்பா, ஒனக்கு எந்த மாமாடி ரொம்ப ஒசத்தி?”

நாலு பேரும் போனைச் சுற்றிக் குனிந்தார்கள்.

“மினிபஸ் கண்டக்டர் மாமா. அவருதான் சன்னல் சீட்டு தருவாரு.”

ஃப்ளெக்ஸில் ஐந்து படம் வந்தது. கண்டக்டருக்குக் கடைசி ஓரம். ‘தி’ யாருக்கும் இல்லை.

இதெல்லாம் வியாபாரத்தைக் கெடுக்கும் என்றுதான் பயந்தேன். கெடுக்கவில்லை. கிடைக்காத பொருளுக்கு மவுசு கூடிவிட்டது. பஸ் ஸ்டாண்ட் பக்கம் பிரியாணிக் கடை வைத்திருந்த பாய், ‘தி பெஸ்ட் பிரியாணி’க்கு வந்தபோது, “ஊர்ல உங்களுக்கு நாலாவது எடம் பாய். கறி வேகல,” என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார் டீச்சர். பாய் எழுந்து போனார். எட்டு மாசம் கழித்து ஒரு தூக்குவாளியோடு வந்தார். டீச்சர் சாப்பிட்டார். மறு வாரம் மற்ற கடைகளிலெல்லாம் சாப்பிட்டுவிட்டு வந்து நோட்டைத் திறந்தார்.

“மாஷா அல்லாஹ்!” என்று பாய் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவரால் டீச்சரைக் கட்டிப்பிடிக்க முடியாதல்லவா. அந்த போர்டு போன பிறகு ஊரில் பேச்சே மாறிவிட்டது. “டீச்சரு ‘தி’ குடுத்தாங்களா?” என்று சாப்பிட வருகிறவர்கள் கேட்க ஆரம்பித்தார்கள்.

வீட்டில் இவர் எப்படி என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அவர் கணவர் அரியலூரில் சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்தார். சாதுவான மனிதர். மழை பெய்த ஒரு நாள் மனைவியை அழைத்துப்போக வந்தவரிடம் ஓரமாகக் கேட்டேன். சிரித்தார்.

“கல்யாணமான புதுசுல ஒரு நாளு, ‘நீ வெக்கிற புளிக்கொழம்புதான் ஒசத்தி’ன்னு வாய் தவறிச் சொல்லிட்டேங்க. ‘யாரு யாரு வூட்டுல சாப்புட்டீங்க?’ன்னு ராத்திரி சோறு தீர்ற மட்டும் கேட்டா. அதுலேர்ந்து ‘நல்லாருக்கு’ன்னு சொல்றதோட நிறுத்திக்கிறது.”

ஒரே ஒரு இடத்தில் டீச்சர் நோட்டைத் திறக்க மாட்டார். கண்ணீர் அஞ்சலி. ஒருவர் அம்மா படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் ‘தி பெஸ்ட் மதர்’ என்று வர வேண்டும் என்றார். நான் டீச்சரைப் பார்த்தேன். அவரே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ‘தி’யை முதலில் அடித்தார். அந்த மனிதர் போன பிறகு, “என்ன டீச்சர், எத்தனை அம்மாவப் பாத்தீங்க?” என்று சீண்டினேன்.

“சாவு வூட்டுக்காரங்ககிட்ட எண்ணிக்கிட்டு நிக்க முடியுமா? போய் வேலையப் பாருங்க,” என்றார். அன்றைக்கு அவர்மேல் எனக்கு வந்த பிரியம் இன்னும் அப்படியே இருக்கிறது.

இனி என் யோக்கியதையைச் சொல்ல வேண்டும்.

டீச்சர் என் கடைக்கு வருமுன் வேலை பார்த்தது ஒரு தனியார் பள்ளியில், ஆங்கிலம். அந்தப் பள்ளியின் கரஸ்பாண்டென்ட் வேன்களில் எழுத ஒரு வாசகம் கொடுத்து இவரிடம் பிழை பார்க்கச் சொல்லியிருக்கிறார். ‘பெஸ்ட் ஸ்கூல் இன் பெரம்பலூர்’. டீச்சர் சொன்னாராம், “‘தி’ போடலன்னா தப்பு சார். போட்டா பொய்யான்னு பாக்கணும். எனக்கு ஒரு மாசம் டயம் குடுங்க.” அவர் மாசம் கொடுக்கவில்லை. ஜூன் மாசத்திலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அதே கரஸ்பாண்டென்ட் ஒரு பங்குனி மாசம் என் கடைக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். கொரோனாவெல்லாம் ஓய்ந்து பள்ளிகள் அட்மிஷனுக்கு அடித்துக்கொண்டிருந்த நேரம். பெரம்பலூர் நாலு ரோட்டிலிருந்து அரியலூர் வரைக்கும் நாற்பது ஃப்ளெக்ஸ் கட்ட வேண்டுமாம். ‘இரண்டு மாவட்டத்திலும் தி பெஸ்ட் ஸ்கூல்’. டீச்சரைப் பார்த்ததும் கொஞ்சம் கூசினார். ஆனாலும் சொல்லிவிட்டார்.

“உங்க கடை ‘தி’ன்னாத்தான் ஜனங்க நம்புறாங்களாமே. அதான் வந்தேன்.”

டீச்சர் முகத்தில் எதுவும் தெரியவில்லை. “பாத்துட்டுச் சொல்றேன் சார். மூணு வாரம் ஆகும்,” என்றார்.

மறுநாளிலிருந்து டீச்சரைக் கடையில் காணோம். அக்கா பேத்திக்கு எல்.கே.ஜி. சீட்டு வேண்டும் என்று சொல்லிக்கொண்டு பள்ளி பள்ளியாக ஏறி இறங்குகிறார் என்று அவர் கணவர் போனில் சொன்னார். இரண்டு வாரம் போனது. கரஸ்பாண்டென்ட் போன் செய்தார்.

“தம்பி, மத்த ஸ்கூல்காரனெல்லாம் கட்டிட்டான். நாளன்னைக்கி என் பேனரு தொங்கணும். முடியாதுன்னா சொல்லிருங்க, துறையூர் ரோட்டுல குடுத்துக்குறேன்.”

துறையூர் ரோட்டுக்காரன் என்றால் முதல் இடத்துக்காரன். என் சுவரில் நாலு ஆணியும் காலியாக இருக்கக் காரணமானவன். நாற்பது ஃப்ளெக்ஸும் அவனுக்குப் போனால், கல்யாணம் இல்லாத ஆடி மாசத்தில் கடைப் பையன்களுக்குச் சம்பளம் கொடுக்கக் கையில் எதுவும் இருக்காது. டீச்சர் எப்படியும் முடியாது என்றுதான் சொல்லப்போகிறார், வேலையை விட்டுத் தூக்கிய இடத்துக்கு யார் ‘தி’ கொடுப்பார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். மத்தியானம் மிஷினைப் போட்டேன். நாற்பதும் அடித்தேன். ஒவ்வொன்றிலும் ‘தி’யைச் சிவப்பில் போட்டேன்.

இரண்டு நாள் கழித்துக் காலை பத்து மணிக்கு டீச்சர் வந்தார். அரியலூர் பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே வந்திருந்தார். பையைக் கீழே வைத்தார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

“வழியெல்லாம் தொங்குது,” என்றார்.

“ஆமாங்க டீச்சர்.”

“எழுத்துல ஒரு தப்பும் இல்ல.”

அவர் நோட்டைத் திறந்து என் பக்கம் திருப்பினார். இரண்டு மாவட்டத்திலும் பெயர் வாங்கிய பதினோரு பள்ளிக்கூடம். கக்கூஸில் தண்ணீர் வருகிறதா, ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள், ரெண்டாம் வகுப்புப் பிள்ளை தடுக்காமல் எத்தனை வரி வாசிக்கிறது, வாத்தியார் வருஷா வருஷம் மாறுகிறாரா என்று கட்டம் கட்டமாக எழுதியிருந்தார்.

“அந்தப் பள்ளிக்கூடத்துக்குள்ள என்னைய வுடமாட்டாங்கன்னு ஆண்டு விழா அன்னைக்கி மாஸ்க் போட்டுக்கிட்டு கூட்டத்தோட உள்ள போயிட்டேன். ரெண்டாவது தடவ வேன் டிரைவரோட சித்தியா போனேன். ரெண்டு தடவையும் ஒண்ணுதான் வந்துச்சு. எனக்குக் கசப்பாத்தான் இருக்கு. ஆனா பதினொண்ணுல அதான் முதல்.”

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தேன்.

“அப்பறம் என்ன டீச்சர்! நாம அடிச்சது உண்மைதான? ஒரு பொய்யும் இல்லையே!”

டீச்சர் என்னைப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

“எனக்கு நேத்து சாயங்காலந்தான் தெரிஞ்சிச்சு. நீங்க அதுக்கு மொத நாளே அடிச்சிட்டீங்க. அடிக்கும்போது உங்களுக்குத் தெரியுமா?”

நாற்பது தடவை மிஷின் ஓடும்போதும் பொய் என்று நினைத்துத்தான் ஓட்டினேன். அது உண்மையாகிப்போனது என் அதிர்ஷ்டம். அதில் என் பங்கு எதுவும் இல்லை.

அவர் சண்டை போடவில்லை. அன்று காத்திருந்த வேலைகளை முடித்தார். ஒரு மஞ்சள் நீராட்டு ஃப்ளெக்ஸில் அத்தையின் பெயரில் விட்டுப்போன ஒரு துணைக்காலைப் போட்டார். நோட்டைப் பைக்குள் வைத்தார். “போயிட்டு வரேங்க,” என்றார். வரவில்லை. அந்த வருஷமே குடும்பத்தோடு அரியலூர் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். சித்திரை வந்தது. என் கடைத் துண்டு எந்தக் கொடியிலும் காயவில்லை.

ஊர் சும்மா இருக்குமா? “டீச்சர் இருக்காங்களா?” என்று கேட்டுவிட்டு, இல்லை என்றதும் அடுத்த கடைக்குப் போனார்கள். பாய் மட்டும் போகவில்லை. ஆனால் வரும்போதெல்லாம் காலி ஆணிகளைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத்தான் உட்காருவார். அந்த ஆணிகளில் எதையாவது மாட்டித் தொலைக்கலாம் என்று பலமுறை தோன்றியது. அடித்துக் கொடுக்க என் மிஷின் இருக்கிறது. சொல்லத்தான் ஆளில்லை. மிஷினில் மையை மாற்றினேன். பச்சைக்கு வேறு கம்பெனி பார்த்தேன். யாரும் கேட்காமலேயே மொட்டை மாடியில் கொடி கட்டி என் துண்டுகளை நானே காயப்போட்டேன். வீட்டில் என்னைப் பைத்தியம் என்றார்கள்.

இரண்டு வருஷம் கழித்து, பைக்கில் ஒருவர் வந்து இறங்கினார். டீச்சரின் கணவர்.

“ஒண்ணுமில்லங்க. குப்பையிலேர்ந்து ஒரு துண்டு வேணுமாம். வூட்டுல கேட்டாங்க.”

காலையில்தான் ஒரு கல்யாண ஃப்ளெக்ஸ் அடித்திருந்தேன், அருமையாக வந்திருந்தது, அதில் ஒரு ஓரத்தை வெட்டிக் கொடுத்துவிடலாம். கத்தரிக்கோலைக்கூட எடுத்துவிட்டேன். பிறகு கீழே வைத்தேன். கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு குப்பைக்குள் கை விட்டு, அகப்பட்டதை எடுத்துக் கொடுத்தேன். அது யாரோ ஒருவருடைய பாதி மீசையும் கொஞ்சம் வாழை மரமும்.

ஒரு மாசம் கழித்துத் தபால் வந்தது. உள்ளே ஒரு துண்டுச் சீட்டு. அதே குண்டு எழுத்து. ஆங்கிலத்தில் ‘தி செகண்ட் பெஸ்ட் இன் பெரம்பலூர்’. கீழே தமிழில், ‘ஏழு கடை, ஒரு மாத வெயில். பச்சை இன்னும் கொஞ்சம் தேற வேண்டும்.’

அந்தச் சீட்டைப் பாயிடம் காட்டினேன், மிஷினிடம் காட்டினேன், துறையூர் ரோட்டுப் பக்கம் போய் அவன் கடை வாசலில் சும்மா ஒரு சுற்றுச் சுற்றிவிட்டும் வந்தேன். அன்றைக்கே போர்டை டிசைன் செய்தேன். சூரியன் இல்லை, வெள்ளையில் கறுப்பு எழுத்து மட்டும். பையன் மிஷினில் ஏற்றப் போனான். நிறுத்து என்றேன்.

ப்ரூஃபை அவர் கணவரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பினேன். ஒரு நாள் ஆனது. இரண்டு நாள் ஆனது. மூன்றாம் நாள் கணவர் போன் செய்தார்.

“கொஞ்சம் பொறுத்துக்குங்க. மொத கடைத் துண்டையும் மூணாவது கடைத் துண்டையும் மறுபடி தண்ணியில அலசிக்கிட்டிருக்காங்க.”

“எத்தனை நாளானாலும் சரிங்க,” என்றேன்.

பதினோராம் நாள் காலையில் பதில் வந்தது. ‘அடிங்க.’ அதற்குப் பிறகுதான் மிஷினைப் போட்டேன்.